தங்கவயலில் உள்ளூர்க்காரர் யார்?

வெளியூருக்குப் போனால் அந்த ஊர்க்காரர்களைப் போல் இருந்து பார்க்க வேண்டும், அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் நடக்கும் கடைத்தெருவில் நடக்க வேண்டும் என்ற ஆசை இன்று பயணம் போகிறவர்கள் பலருக்கும் உண்டு. நல்ல ஆசைதான். ஆனால், எந்த ஊரிலும் காலங்காலமாக வாழ்ந்துவரும் உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள், அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை முன்பே அமைந்திருக்கும், நாம் போய் எட்டிப் பார்த்தால் போதும் என்ற எண்ணமும் அந்த ஆசையோடு சேர்ந்தே வருகிறது. கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலில் இந்த எண்ணம் செல்லாது. அங்கே சிறு கிராமங்கள் முன்பே இருந்தன. நகரமோ முழுக்க முழுக்க வெளியிலிருந்து வந்தவர்கள் உண்டாக்கியது. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலிருந்து கப்பலேறி வந்தவர்களும், வடாற்காட்டிலிருந்து மூட்டையைத் தலையில் சுமந்து வந்தவர்களும் ஒரே பாறைக்கு மேலே குடியேறினார்கள். அந்நிய மண்ணில் வாழ்வது என்றால் என்ன என்று இந்த இரு சாராரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க இதைவிட நல்ல இடம் தென்னிந்தியாவில் இல்லை என்றே நினைக்கிறேன்.

2018லும் 2022லும் வந்த ‘கே.ஜி.எஃப்’ படங்களுக்குப் பிறகு அந்த ஊரின் பெயர் இந்தியா முழுவதும் பரவியது. 2024இல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்தது. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான் என்பதால் இளைஞர்கள் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள், சைனைட் மேடுகளில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுகிறார்கள். அந்த மேடுகள் இயற்கையான குன்றுகள் அல்ல. தோண்டியெடுத்த பாறையை மாவாக அரைத்து, சைனைட் கரைசலால் பொன்னைப் பிரித்தபின் மிஞ்சிய கழிவு நூறாண்டுக்கும் மேலாகக் கொட்டிக் கொட்டி மலையானது. காற்று வலுக்கும்போது அந்தத் தூள் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் வருகிறது. ஒரு சமூகத்தின் உழைப்பு முழுவதும் குவிந்து கிடக்கும் இடம் அது. அதன்மேல் ஏறி நிற்பவருக்கு அதை உண்டாக்கியவர்களின் தெரு ஒரு கூப்பிடு தூரம்தான். அந்தத் தெருவுக்குள் போகிறவர்கள்தான் மிகக் குறைவு.

1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிகுப்பம், உரிகம் பக்கத்துக் கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கேள்விப்பட்டு நேரில் பார்த்து எழுதிவைத்தார். எழுபது ஆண்டு கழித்து அந்தக் குறிப்பைப் படித்தவர் மைக்கேல் லாவெல். அயர்லாந்துக்காரர், நியூசிலாந்துப் போரில் பங்கெடுத்துவிட்டுப் பெங்களூரில் குடியேறிய படைவீரர். 1871இல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு கோலார் பக்கம் போய்ப் பார்த்தார், 1875இல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை பெற்றார். பணம் போதாமல் உரிமை கைமாறியது. 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்தது. சில ஆண்டுகளில் சாம்பியன் ரீப் என்ற வளமான பொன்நாளம் அகப்பட்டது. 1894இல் பங்காரப்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் சுரங்கங்களுக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டது 1905இல்தான்.

டெய்லர் நிறுவனம் தன்னோடு கூட்டிவந்த சுரங்க வல்லுநர்களில் பெரும்பாலோர் கார்ன்வால்காரர்கள். தலைமுறை தலைமுறையாகத் தகரமும் செம்பும் தோண்டிய மக்கள். 1860களில் செம்பு விலை விழுந்து ஊரில் சுரங்கங்கள் மூடியபோது உலகமெங்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள்: தென் ஆஸ்திரேலியாவின் மூண்டா, கலிபோர்னியாவின் கிராஸ் வேலி, தென் ஆப்பிரிக்கா. எங்கே பூமியில் குழி வெட்டினாலும் அதற்குள் ஒரு கார்ன்வால்காரன் இருப்பான் என்று அக்காலத்தில் பேச்சு இருந்தது. வீட்டுக்குப் பணம் அனுப்புவதும், அந்தக் கடிதம் வரும் நாளை எண்ணி மனைவிமார் அங்கே காத்திருப்பதும் நம் ஊர் வளைகுடாக் குடும்பங்கள் அறிந்த கதை. ஆகவே அவர்களைத் துரைமார் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சொந்த ஊரில் அவர்களும் குழிக்குள் இறங்கிய தொழிலாளிகள்தான்.

ஆனால் தங்கவயலில் அவர்கள் துரைகள் ஆனார்கள். அது அவர்கள் குணத்தால் நேர்ந்தது என்பதைவிட ஏற்பாட்டால் நேர்ந்தது என்பதே சரி. மேட்டில் பங்களாக்கள், சுற்றிலும் தோட்டம், 1885இல் தொடங்கிய கிளப், டென்னிஸ், கோல்ஃப், ஞாயிற்றுக்கிழமைக்கு அவரவர் சபைக் கோயில். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரம் என்பதால் வெயிலும் அவ்வளவு வாட்டவில்லை. ‘குட்டி இங்கிலாந்து’ என்று ஊருக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரை இன்றும் பெருமையோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பெருமை தெரியவில்லை. பத்து, இருபது ஆண்டுகள் ஓர் ஊரில் இருந்துவிட்டு, அது தன் ஊர் மாதிரியே இருந்தது என்று சொல்லிப் போகிறவர் அந்த ஊருக்கு வரவே இல்லை என்றுதான் பொருள்.

இதே ஜான் டெய்லர் குடும்பத்தின் இன்னொரு முயற்சி இதற்கு ஒப்பாக நிற்கிறது. 1824இல் மெக்சிகோவின் ரியல் டெல் மோன்டே வெள்ளிச் சுரங்கத்துக்கும் கார்ன்வால் ஆட்களை அவர்கள்தான் அனுப்பினார்கள். அங்கே போனவர்கள் உள்ளே இறைச்சியும் கிழங்கும் வைத்து மடித்துச் சுடும் தங்கள் ஊர்ப் பலகாரத்தைக் கொண்டுபோனார்கள். இன்று அது ‘பாஸ்தே’ என்ற பெயரில், மெக்சிகோ மிளகாய் சேர்ந்து, அந்த வட்டாரத்தின் சொந்த உணவாக விற்கிறது. கால்பந்தும் அப்படித்தான் பச்சுகா நகரத்தில் வேரூன்றியது. மெக்சிகோ சுதந்திர நாடு. வந்தவர்களில் சிலர் அங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டார்கள். தங்கவயலிலோ ஆட்சியும் நிறமும் நடுவில் நின்றன. ஒரே நிறுவனமும் ஒரே ஊர்க்காரர்களும்தான், ஆனாலும் இங்கே தெருவில் விற்கும்படியான ஒரு பலகாரத்தைக்கூட அவர்கள் விட்டுப் போகவில்லை.

சமையலறை மட்டும் இந்த வேலியைத் தாண்டியது. பங்களாவில் சமைத்த பட்லரும் பிள்ளை வளர்த்த ஆயாவும் பெரும்பாலும் தமிழர்கள். ஐரோப்பியருக்கும் தொழிலாளருக்கும் இடையில் மேற்பார்வை வேலைகளிலும் அலுவலகங்களிலும் ஆங்கிலோ இந்தியர்கள் இருந்தார்கள். மஞ்சள் போட்ட தேங்காய்ச் சோறும் இறைச்சி உருண்டைக் குழம்பும், ‘பெப்பர் வாட்டர்’ என்று அவர்கள் சொல்லும் நம் மிளகு ரசமும், கிறிஸ்துமஸுக்குக் குல்குலும், நம் அச்சு முறுக்குக்கு நேரான ரோஸ் குக்கியும் அவர்கள் வீட்டுச் சாப்பாடு. தங்கவயலில் பிறந்த பிரிட்ஜெட் வைட்-குமார் ஆங்கிலோ இந்தியச் சமையல் பற்றிப் பல நூல்களும் தம் ஊரின் நினைவுகளைத் தனி நூலாகவும் எழுதியிருக்கிறார். அந்தச் சமையல் குறிப்புகளை வாசித்தால், எந்த வீட்டு அம்மிக்கல் எந்த வீட்டு அடுப்போடு பேசியது என்று தெரியும்.

இனி, மறுபக்கம் வந்தவர்கள். வடாற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்த இவர்களில் மிகப் பெரும்பான்மையோர் தலித்துகள். அன்றைய கணக்கில் இவர்களும் வேற்று நாட்டுக்குத்தான் வந்தார்கள். விட்டு வந்தது வெள்ளையர் ஆண்ட சென்னை மாகாணம், வந்து சேர்ந்தது மன்னர் ஆண்ட மைசூர் சமஸ்தானம். பஞ்சமும் கடனும் துரத்தின என்பது உண்மை. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். கிராமத்தில் பண்ணையாருக்குக் கட்டுப்பட்டு, கூலியை நெல்லாக அளந்து வாங்கியவருக்கு இங்கே கையில் காசு கிடைத்தது. குனிந்து நிற்க வேண்டிய தெரு இங்கே இல்லை. அந்த விடுதலைக்குக் கொடுத்த விலையும் பெரிது. மூங்கில் தட்டியால் கட்டிய ஒற்றை அறைக் குடிசைகளின் வரிசை. அதற்கு ‘லைன்’ என்று பெயர். சங்கு ஊதினால் ஷிப்ட். வெளியே வரும்போது பொன் திருடினாயா என்று உடம்பைத் தடவிச் சோதனை. ஆழத்தில் பாறையின் சூடு 65 டிகிரி செல்சியஸை எட்டும். பாறை தானாக வெடித்துச் சிதறும் ‘ஏர் பிளாஸ்ட்’ எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தப்பியவர்களின் நுரையீரலைக் கல்தூசி பிடித்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது.

இந்த வாழ்க்கைக்கு நடுவில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் தங்கவயலின் மெய்யான அதிசயம். பொன்னைவிட அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

1898இல் சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுகளிலேயே அதன் கிளை மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் வேர்பிடித்துவிட்டது. அந்தச் சங்கத்துக்கு ரங்கூனிலும் தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலிலும்கூடக் கிளைகள் இருந்தன. பிழைப்புத் தேடிக் கடல் கடந்த தமிழர்களும் மைசூருக்கு வந்த தமிழர்களும் ஒரே பத்திரிகையைப் படித்தார்கள். 1907இல் தொடங்கிய அவருடைய வார இதழ் ‘ஒரு பைசாத் தமிழன்’, பின்னர் ‘தமிழன்’. 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் நின்றுபோன அந்த இதழை 1926இல் கோ. அப்பாதுரையார் மீண்டும் நடத்தத் தொடங்கினார். எங்கிருந்து? தங்கவயலிலிருந்து. எம். ஒய். முருகேசர் போன்றவர்கள் சங்கத்தைத் தாங்கினார்கள். சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. இன்று அயோத்திதாசரைப் படிக்கிறவர்கள் எல்லோரும் அந்த அச்சுக்கூடத்துக்குக் கடன்பட்டவர்கள். அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவியது 1956இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஷிப்ட் முடித்து வந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் தன்னைப் பௌத்தர் என்று அறிவித்துக்கொண்டு, திருமணத்தையும் சாவையும் பிராமணச் சடங்கு இல்லாமல் நடத்த முடிந்தது. ஜி. அலாய்சியஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தத் தமிழ்ப் பௌத்த இயக்கத்தை, ஒடுக்கப்பட்டவர்கள் தமக்கென ஓர் அடையாளத்தை உண்டாக்கிக்கொண்ட முயற்சியாகக் காட்டுகிறது.

பிறந்த ஊரிலேயே இருந்திருந்தால் இது இவ்வளவு எளிதில் நடந்திருக்குமா? நடந்திருக்காது என்பதே என் முடிவு. கிராமத்தில் ஒவ்வொரு திண்ணைக்கும் கிணற்றுக்கும் பழைய சட்டம் இருந்தது. அந்நிய மண்ணில் அந்தச் சட்டத்தைக் காத்து நிற்க ஆள் இல்லை. வேறு ஊர் தந்த அந்த இடைவெளியைப் பயன்படுத்தித் தங்களைப் புதிதாக ஆக்கிக்கொண்டார்கள். கார்ன்வால்காரர் தம் பழைய ஊரை அப்படியே கொண்டுவந்து நட்டார், வடாற்காட்டார் பழைய ஊரில் இருந்திராத ஒன்றை இங்கே உண்டாக்கினார்.

எல்லாத் தொழிலாளர்களும் பௌத்தர்கள் ஆகிவிடவில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவும், சாம்பியன் ரீப் வெற்றி மாதா கோயிலின் ஆராதனையும், பள்ளிவாசலின் பாங்கும் லைன்களில் ஒன்றாகவே ஒலித்தன. ஒற்றுமை சோதனைக்கு வந்தபோது மதம் குறுக்கே நிற்கவில்லை. 1930இல் தொழிலாளர் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவுசெய்ய வேண்டும் என்று நிர்வாகம் கிளம்பியபோது மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. எங்களைக் குற்றவாளிகள் என்று எண்ணினீர்களா என்பதே அந்தப் போராட்டத்தின் கேள்வி. கூலி உயர்வுக்கு நடந்த போராட்டங்களைவிட இது என்னை அதிகம் தொடுகிறது. 1940களில் கே. எஸ். வாசன், வி. எம். கோவிந்தன் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்களின் கீழ் தொழிற்சங்கம் வலுத்தது. 1946 நவம்பரில் போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். மைசூர் சமஸ்தானத்தின் சுரங்க, ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி ஜானகி நாயர் 1998இல் எழுதிய நூல் இந்த வரலாற்றை ஆவணங்களோடு சொல்கிறது. அது தமிழில் கட்டாயம் வர வேண்டும்.

1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. இதற்கிடையே 1965இல் இன்னொரு விதமான வெளிநாட்டார் வந்தார்கள். சாம்பியன் ரீப்பில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் கருவிகளை இறக்கி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தை முதன்முதலில் கண்டவர்களுள் இடம்பெற்றன. எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன், மியாகே, வுல்ஃபெண்டேல் என்ற பெயர்களை அறிவியல் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அந்தக் கருவிகளை இருட்டுக்குள் இறக்கிக் கொடுத்த கைகளின் பெயர்களையும் குறித்து வைத்திருக்கலாம்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. ஏறத்தாழ 120 ஆண்டில் எடுத்த பொன் சுமார் 800 டன். பொன் போன பிறகும் மக்கள் போகவில்லை என்பதை வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். கார்ன்வால்காரர்கள் சுதந்திரத்தை ஒட்டியும் அதன் பிறகும் கிளம்பிவிட்டார்கள். ஆங்கிலோ இந்தியர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். லைன்களில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் அங்கேயே இருக்கிறார்கள். விடிவதற்கு முன் மாரிகுப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்புகிறார்கள். நின்றுகொண்டே போகும் கூட்டத்தில் சீட்டாட்டமும் தூக்கமும் கல்யாணப் பேச்சும் நடக்கின்றன. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் கன்னடம், ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டில் தெலுங்கும் உருதும், வேலையிடத்தில் ஆங்கிலம். ஒரே நாளில் ஐந்து மொழியில் வாழ்வது அங்கே யாரும் பெருமையடித்துக்கொள்ளும் திறமை அல்ல, பிழைப்பு. கர்நாடகத் தொகுதியாக இருந்தும் அங்கிருந்து குடியரசுக் கட்சிக்காரரும் மார்க்சிஸ்டும் அ.தி.மு.க.காரரும் சட்டமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள் என்றால், வெளியூர்க் கண்ணுக்கு விசித்திரமாகத் தோன்றும் அந்தக் கலவைதான் அவர்களுக்கு உள்ளூர்.

நூற்றைம்பது ஆண்டை நெருங்கியும் இவர்களைப் பார்த்து ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் கர்நாடகக்காரர்கள். கர்நாடகத்தில் சிலருக்கு அவர்கள் இன்னும் தமிழ்நாட்டுக்காரர்கள். மலேசியத் தோட்டத்திலும் இலங்கை மலையகத்திலும் இதே கேள்வியைத் தமிழர்கள் கேட்டு நொந்திருக்கிறார்கள். ஓர் இடத்தின் மண்ணை மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் தோண்டி, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே புதைந்தவர்களைவிட அந்த மண்ணுக்கு உரியவர் வேறு யாரும் இல்லை.

ஆகவே தங்கவயலுக்குப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். ஞாயிற்றுக்கிழமை போங்கள், மற்ற நாளில் ஊரின் உழைக்கும் பாதி பெங்களூரில் இருக்கும். முடிந்தால் ரயிலில் போய் மாரிகுப்பத்தில் இறங்குங்கள். சைனைட் மேட்டைப் பார்த்த கையோடு லைன்களுக்கும் போங்கள், ஆனால் கேமராவை முன்னால் நீட்டாமல் போங்கள். அது கண்காட்சி அல்ல, குடியிருப்பு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் எந்த ஷாப்டில் வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள். அங்கே அதைவிட நல்ல முகமன் இல்லை. சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. கேஜ் என்ற கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்ய நமக்கு இருக்கும் காலம் மிகவும் கொஞ்சம்.

உங்கள் தாத்தாவோ பாட்டனோ கோலாரில் வேலை பார்த்தவராக இருந்தால், வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய சங்க ரசீது, ‘தமிழன்’ இதழ், சித்தார்த்தா புத்தகசாலை வெளியிட்ட நூல், சம்பளச் சீட்டு எதையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்துக்கு அவற்றின் படியையாவது கொடுங்கள்.